மைலோ டின்னில் வந்த பெலாச்சான்

காட்பாடியில் வி.ஐ.டி. பக்கம் போகிற ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் மலேசியச் சாப்பாட்டுக் கடை ஒன்று நடக்கிறது. திறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். மொத்தம் எட்டு மேசை. போன ஞாயிற்றுக்கிழமை என் அத்தையை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நான்கு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது. நான் வேலை செய்கிற தோல் கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம், தினமும் ஓவர்டைம். இன்றுதான் உட்கார முடிந்தது.

வெளியூர்ச் சாப்பாடு வேலூருக்குப் புதிதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வருகிற வங்காளக்காரர்களுக்காக காந்தி ரோட்டுச் சந்துகளில் மீனும் சோறும் போடுகிற ஓட்டல்கள் எத்தனையோ வருடமாக இருக்கின்றன. காட்பாடியில் காலேஜ் பிள்ளைகளுக்காக மோமோ வண்டிகள் நிற்கின்றன. அதனால் "மலேசியன்" என்று போர்டு பார்த்ததும் இதுவும் பிள்ளைகளுக்கான கடை என்றுதான் நினைத்தேன். சம்பளம் வந்த வாரம் கூட வேலை செய்கிற ரெண்டு பேரோடு போனேன்.

கூட வந்தவள் ரொட்டி சானாய் வாங்கினாள். வந்ததும், "இது பரோட்டாதானே?" என்றாள். கூடவே, "சால்னா இல்லியா? பருப்ப ஊத்திக் குடுத்திருக்காங்க" என்று சர்வரிடம் கேட்டாள். கல்லாவில் நின்ற கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் லேசாக வாடியது. எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. அப்புறம் நானாகவே ஒன்றுக்கு நாலு முறை போய், நின்று பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலூரில் அந்தக் கடைக்குப் போகிற பாதிப் பேர் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

நம் பரோட்டாவில் மாவை வீசி, கயிறு மாதிரி திரித்து, வட்டமாகச் சுற்றி, தட்டிப் போடுவார்கள். இந்தக் கடையில் ரொட்டி சானாய்க்கு அப்படிச் சுற்றுவதில்லை. எண்ணெயில் ஊறின உருண்டையை உள்ளங்கையால் அமுக்கி, ரெண்டு கையாலும் பிடித்து வீசினால் அது காற்றில் விரிந்து மேசைமேல் விழுகிறது. மறுபடி வீசினால் இன்னும் விரிகிறது. மூன்றாவது வீச்சில் மாவுக்கு அடியில் இருக்கிற ஸ்டீல் மேசையின் கீறல்கூடத் தெரிகிறது. அப்புறம் நாலு ஓரத்தையும் உள்ளே மடித்துச் சதுரமாக்கிக் கல்லில் போடுகிறார். வெந்து எடுத்ததும் ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து பட் பட்டென்று தட்டுகிறார். அந்தத் தட்டில்தான் அடுக்குகள் விலகுகின்றன. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே துணி மாதிரி மெத்து. அதைப் பருப்புக் கறியில் முக்கித்தான் சாப்பிட வேண்டும். சால்னா ஊற்றினால் அந்த மென்மையெல்லாம் செத்துப்போகும். நமக்குப் பரோட்டா ராத்திரிச் சாப்பாடு, அவர்களுக்கு அது காலைச் சாப்பாடு. மலாய் மொழியில் சானாய் என்றால் மாவைத் தேய்த்து மெலிசாக்குவது. சென்னையிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கையும் அந்த மாவும் இங்கிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் கொண்டுபோனவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மலேசியாவில் அந்தக் கடைகளுக்கு மாமாக் கடை என்றே பெயர். நம் மாமாதான் அது.

கடைக்காரர் அணைக்கட்டுப் பக்கத்துக்காரர். பதிமூன்று வருடம் மலேசியாவில் கிள்ளான் ஊரில் ஒரு மாமாக் கடையில் வேலை செய்தவர். கிளாஸ் கழுவுவதில் ஆரம்பித்து, தேத்தண்ணி கலக்கப் போய், கடைசியில் ரொட்டிக் கல்லுக்கு வந்திருக்கிறார். அங்கே வயசானவர்கள் இவரிடம், "ஊர்ல எந்த ஜில்லா?" என்று கேட்பார்களாம். வட ஆற்காடு என்று சொன்னால், "எங்க தாத்தாவும் அதே ஜில்லாதான்" என்பார்களாம். இங்கே அந்த ஜில்லா திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நாலாகப் பிரிந்து, அந்தப் பேர் போர்டில்கூட இல்லாமல் போய்விட்டது. அங்கே இன்னும் வட ஆற்காடு இருக்கிறது.

எங்கள் தாத்தாவும் அப்படிப் போனவர்தான்.

அதற்கு வருவதற்கு முன் அத்தைக்கு எப்படி இந்தக் கடை தெரிந்தது என்று சொல்ல வேண்டும். முதல் தடவை போனபோது நான் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கி போனில் போட்டோ எடுத்திருந்தேன். அடுத்த வாரம் பேரணாம்பட்டுக்குப் போயிருந்தபோது அத்தையிடம் சும்மா காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரெண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"நெத்திலி கம்மியா கீது. கடலய தோலோட வறுத்திருக்கான், அது சரி. வெள்ளரிக்கா மெலிசா அரிஞ்சிருக்கணும்." அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, "நாசி லெமாக்" என்றார். நான் இன்னும் பேரைச் சொல்லியிருக்கவில்லை.

அத்தை 1955ல் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. தாத்தா 1937ல் பன்னிரண்டு வயதில் அவருடைய அப்பா அம்மாவோடு, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி மூலமாகப் போனவர். அடுத்த வருடமே இந்திய அரசு அப்படி ஆள் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டது. தாத்தாவுக்கு மலாயாவில் முப்பத்து மூன்று வருடம் போனது. குடியுரிமை மட்டும் வரவில்லை, கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்ற சட்டம் இறுகியது. ஆயிரக்கணக்கில் தோட்டத்துச் சனங்கள் கப்பலேறினார்கள். எங்கள் குடும்பம் 1970ல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறியது. அத்தைக்குப் பதினைந்து வயது, என் அப்பாவுக்கு எட்டு. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அவருக்கு அந்தக் கப்பலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வாந்தி எடுத்தது ஒன்றுதான். மீதியெல்லாம் அத்தைக்குள்ளேதான் இருந்தது. நாங்கள் யாரும் கேட்டதில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது, இதுவரை உட்கார்ந்து கேட்டதில்லை என்பதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

கேட்காததற்குக் காரணமும் இருக்கிறது. அத்தை அதைப் பற்றிப் பேசமாட்டார். ஊருக்குள் அவருக்கு "மலாயாக்காரி" என்று பேர். சின்ன வயசில் எனக்கு அது அவருடைய நிஜப்பேர் என்றுகூட நினைப்பு. காலையில் யார் வந்தாலும் "பசியாறிட்டியா?" என்று கேட்பார். எங்கள் பக்கம் "நாஷ்டா ஆச்சா" என்பார்கள். அத்தையின் பேச்சில் மலாயா மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடியாத்தம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, பதினொன்றரைக்குக் காட்பாடி வந்துவிட்டோம். அத்தை நல்ல புடவை கட்டியிருந்தார், கல்யாணத்துக்குக் கட்டுகிற காஞ்சிபுரம் புடவை. மாடிப்படி ஏறும்போது முட்டி வலி. நாலு படிக்கு ஒரு தடவை நின்றார். மேலே போனதும் மேசைக்குப் போகவில்லை. கையில் பையோடு ரொட்டிக் கல்லுக்கு எதிரே போய் நின்றுகொண்டார். கடைக்காரர் மாவை வீசி மேசைமேல் போட்டார்.

"இன்னும் ஒரு வீச்சு இருக்கு தம்பி," என்றார் அத்தை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு முறை வீசினார். "எங்கமா இருந்தீங்க?" என்று கேட்டார்.

"சுங்கை சிப்புட்."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஜன்னலோரத்து மேசையை அவரே துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நாசி லெமாக் ரெண்டு, ரொட்டி சானாய் ஒன்று, தே தாரிக் என்கிற டீ ரெண்டு சொன்னோம். நாசி என்றால் சோறு. லெமாக் என்றால் தேங்காய்ப்பாலின் கொழுமை. அரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, அதில் ரம்பை இலையை முடிச்சுப் போட்டுப் போடுகிறார்கள். இந்தக் கடைக்காரர் ரம்பையை மொட்டை மாடியில் நாலு தொட்டியில் வளர்க்கிறார். மூடியைத் திறந்ததும் வருகிற மணம் புது அரிசி மணமும் பால் மணமும் கலந்த மாதிரி இருக்கும். சோறு உதிரியாக, ஆனால் ஒன்றோடொன்று லேசாக ஒட்டி நிற்கிறது. நம் ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பாவை முக்கால் வேக்காட்டில் வடித்துத் தம்மில் போடுகிறோம். இங்கே வடிப்பதே இல்லை. பால் முழுக்க அரிசிக்குள்ளேயே போய்விடுகிறது. பக்கத்தில் பொரித்த நெத்திலி, வறுத்த கடலை, வெள்ளரிக்காய், அவித்த முட்டை பாதி, நடுவில் சிவப்பாக, மிளகாய் அரைத்துச் செய்கிற சம்பால். அவ்வளவுதான் சாப்பாடு. மசாலாக் குழம்பு கிடையாது. கேட்கவும் கூடாது. உறைப்பு எல்லாம் அந்தச் சம்பாலில் இருக்க வேண்டும்.

அத்தை முதலில் வெறும் சோற்றைச் சாப்பிட்டார். ரெண்டாவது வாய் கடலையோடு. மூன்றாவது வாய் சம்பாலோடு. மென்றுகொண்டே வெளியே பார்த்தார்.

"எப்படி அத்த?"

"சோறு நல்லா கீது. ரம்பை போட்டிருக்கான். எங்க அம்மாகூடப் போட மாட்டா, நாங்க வீட்ல இத ஆக்கறதே இல்ல. பக்கத்து மலாய் கிராமத்துல இருந்து, கம்பம்னு சொல்வோம், ஒரு மலாய்க்காரம்மா சைக்கிள்ல எடுத்துனு வருவா. வாழ இலைல கட்டி, பேப்பர் சுத்தி. பத்துக் காசு. சம்பள நாள் மறுநாள் மட்டும் வாங்குவோம்."

மற்ற நாளில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். சோறும் கருவாட்டுக் குழம்பும்தானாம். விடிவதற்கு முன்னாலே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டு முடிந்ததும் பால் மரத்துக்குப் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆறாவது வரைக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் அம்மாவுக்கு உதவியாக மங்கு துடைக்கப் போனார் அத்தை. மங்கு என்பது மரத்தில் பால் சேர்கிற கிண்ணம். சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துவர வேண்டும். காண்டா என்றதும் கடைக்காரர் கையைத் தட்டினார். "நாசி கண்டார் பேருகூட அதுதான்மா" என்றார். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றார்களாம். அந்தக் கம்புக்கு மலாயில் கண்டார். இன்றைக்கு அந்தச் சோற்றோடு டால்ச்சாவும் ஊற்றுகிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் கல்யாணங்களில் பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கிற அதே டால்ச்சா, பேர்கூட மாறவில்லை. எனக்கு அது கேட்டதும் சிலிர்த்துவிட்டது.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பழக்கத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் வருகின்றன. கடைக்காரர் அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார். அத்தையிடம் படித்துக் காட்டினேன். தலையாட்டினார், அதற்கு மேல் அதில் அவருக்கு அக்கறை இல்லை. அவருடைய கவனம் எல்லாம் தட்டில் ஒதுக்கி வைத்த சம்பாலிலேயே இருந்தது.

"தம்பி, சம்பால்ல பெலாச்சான் போடலியா?"

கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "மொதல்ல போட்டேன்மா. ஒரு மாசம். வதக்கறப்பவே வாசன கீழ வரைக்கும் போவுது. சாப்பிட வந்தவங்க எழுந்து போயிட்டாங்க. ஜெராக்ஸ் கடைக்காரரும் சண்டைக்கு வந்துட்டார். அதான் வெறும் மொளகா, வெங்காயம், புளி, சக்கரையோட நிறுத்திட்டேன்."

"பெலாச்சான் இல்லாம அது தக்காளித் தொக்குடா."

பெலாச்சான் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொடிப்பொடியான இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, இடித்து, கட்டியாக அமுக்கி வைப்பது. அப்படியே சாப்பிடுவதில்லை. சுட்டு அல்லது வறுத்துத்தான் சேர்ப்பார்கள். நமக்குப் பெருங்காயம் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. கொஞ்சம்தான் போடுவார்கள், ஆனால் அது இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு அடித்தளமே இருக்காது.

"உன்னாண்ட கீதா?"

இருந்தது. ஜனவரியில் கிள்ளானுக்குப் போய் வந்தபோது வாங்கிவந்தது, கடைப் பையன்கள் தங்களுக்குச் சமைத்துக்கொள்ள ஃப்ரிட்ஜில் மூணு கவர் போட்டு வைத்திருக்கிறார்கள். அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கவரைப் பிரித்தார்கள். சோப்புக் கட்டி அளவு. எங்கள் கம்பெனியில் டேன் கலர் என்று சொல்கிற நிறத்தைவிட ஒரு சாயல் கறுப்பு. கத்தியால் அழுத்தினால் களிமண் மாதிரி வெட்டுப்படுகிறது. அத்தை ஒரு விரல் கனத்துக்கு வெட்டிக் கல்லின் ஓரத்தில், தீ குறைவாக இருக்கிற பக்கம் வைத்தார். கரண்டி முதுகால் தட்டையாக அமுக்கினார். முதலில் சாயங்காலம் மீன் மார்க்கெட் கழுவிவிடும்போது வருகிற வாடை வந்தது. எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. அத்தை நகரவில்லை. திருப்பிப் போட்டார். ஓரம் வெளுத்து, காய்ந்து, பொரபொரவென்று உதிர ஆரம்பித்தது. அந்த நேரத்தில் வாடை மாறியது. கருவாடு சுடுகிற மணம், அதற்கடியில் கடலை வறுக்கிற மணம் மாதிரி ஒன்று. அத்தை கண்ணை மூடவில்லை, கண்ணீர் விடவில்லை. ரொம்ப மும்முரமாக இருந்தார். "காஞ்ச மொளகா வேணாம். பழுத்த மொளகா கீதா? செவப்பா? எலுமிச்சம்பழம் கொண்டா. சக்கர ஒரு சிட்டிக." சின்னக் கல்லுரலில் மிளகாயையும் உப்பையும் போட்டு இடித்து, அப்புறம் பெலாச்சானைச் சேர்த்து, நைசாகப் போகவிடாமல் நிறுத்தி, எலுமிச்சம்பழம் பிழிந்தார். அங்கே இதற்கென்று சின்னச் சின்னக் காயாக ஒரு எலுமிச்சை உண்டு, அது கிடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்.

வெளியே ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு பில் கேட்டது. அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பழகாத வாசனை. ஆனால் இன்னொரு மேசையிலிருந்து காலேஜ் படிக்கிற ஒரு பெண் எழுந்து அடுப்படி வாசல் வரைக்கும் வந்தாள். மணிப்பூர்ப் பெண். "ஙாரியா?" என்று கேட்டாள். அவர்கள் ஊரில் மீனைப் புளிக்கவைத்துச் செய்வதற்கு ஙாரி என்று பேராம். இங்கே ஹாஸ்டலில் சமைக்க விடமாட்டார்களாம், ரூம் எடுத்துத் தங்கினாலும் வீட்டுக்காரர் திட்டுவாராம். அத்தைக்கு அவள் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை. ஒரு கரண்டி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் நக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை கையை நீட்டினாள்.

எனக்கும் ஒரு துளி நாக்கில் வைத்தார்.

இந்த ருசி எனக்குத் தெரியும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். எங்கள் வீட்டில் "அத்தைத் துவையல்" என்று ஒன்று உண்டு. சென்னாக்குனியை, அதாவது பொடி இறால் கருவாட்டை, வெறும் வாணலியில் வறுத்து, மிளகாய், சின்ன வெங்காயம், புளி வைத்து அம்மியில் கொரகொரப்பாக அரைப்பார். கடைசியில் ஒரு சிட்டிகை வெல்லம் போடுவார். துவையலுக்கு எதற்கு வெல்லம் என்று அம்மா கேட்பாள். பேரணாம்பட்டில் வேறு யார் வீட்டிலும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

"அத்த, இது உன் துவையல்தானே?"

"பின்ன? பெலாச்சான் கெடைக்கல. சென்னாக்குனிதான் கெடச்சிது."

கல்லுரலை வழித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் மேசைக்கு வந்து உட்கார்ந்து, புதுச் சம்பாலைச் சோற்றில் வைத்துப் பிசைந்தபோதுதான் மைலோ டின் கதை வந்தது.

கப்பலில் ஆளுக்கு ஒரு பெட்டி. தாத்தா பெட்டியில் பாளையக்காட்டுக் கைலி நாலு, கோடாலித் தைலம், ஒரு டார்ச் லைட். அத்தை பெட்டியில் ஒரு மைலோ டின், அதற்குள் பேப்பரில் சுற்றின பெலாச்சான். தோட்டத்தை விட்டுக் கிளம்புகிற அன்றைக்கு அந்தச் சைக்கிள்காரம்மா கொடுத்தது. "ஒங்க ஊர்ல இது கெடைக்காது, எடுத்துனு போ" என்றாளாம். மெட்ராஸில் இறங்கி, ரயில் ஏறிக் குடியாத்தம் வந்து, அங்கிருந்து பேரணாம்பட்டில் தாத்தாவின் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ரெண்டாம் நாள் அத்தை அடுப்பில் ஒரு துண்டு சுட்டிருக்கிறார். பெரிய ஆயா ஓடிவந்து, "இன்னாடி எழவு இது, பொணம் சுடற வாட" என்று டின்னோடு பிடுங்கிக்கொண்டு போய்க் கானாற்றில் எறிந்துவிட்டார். தெருவே வந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. மலாயாக்காரி என்ற பேர் அன்றைக்குத்தான் விழுந்தது.

பெரிய ஆயாவை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனுஷி. ஆனால் எனக்கு இதுதான் ஆறவில்லை: பேரணாம்பட்டு தோல் ஷாப்பு ஊர். காற்று திரும்பினால் பச்சைத் தோல் வாடை வீட்டுக்குள் வரும். ஊறல் தொட்டி, சுண்ணாம்பு, சவ்வு, எல்லாம் எங்களுக்குப் பழகின வாசனை. சோறு போட்ட வாசனை என்பதால் அதை நாங்கள் வாடை என்றே சொன்னதில்லை. நானே இருபது வருடமாகத் தோலைத் தொட்டு வேலை செய்கிறேன், என் துப்பட்டாவில் அது இருக்கும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நகர்ந்தால் எனக்கு வலிக்கும். பதினைந்து வயதுப் பெண்ணின் பெட்டியில் இருந்த ஒரு துண்டு வாசனையை அந்த ஊர் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

அத்தை அப்படியெல்லாம் சொல்லவில்லை. கோபம்கூட அவர் குரலில் இல்லை. "அந்த டின்னாவது குடுத்திருக்கலாம். நல்ல டின்னு," என்று மட்டும் சொன்னார்.

தே தாரிக் ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஆற்றிக் கொண்டுவந்தார். தாரிக் என்றால் இழுப்பது. நம் டீ மாஸ்டர் ஆற்றுவதும் அதே வித்தைதான். பாலுக்குப் பதில் கண்டன்ஸ்டு மில்க், தூள் நல்ல கடுப்பாக. மேலே நுரை ஒரு விரல் உயரத்துக்கு நிற்கிறது. அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதிதான் குடிக்கவிட்டேன். செண்டோலும் ஒன்று வாங்கி மூன்று பேர் பங்கு போட்டோம், அந்த மணிப்பூர்ப் பெண்ணையும் சேர்த்து. தேங்காய்ப்பாலும் ஐஸும் பச்சை நூடுல்ஸ் மாதிரி ஒன்றும். தென்னைச் சர்க்கரைப் பாகுக்குப் பதில் இங்கே கருப்பட்டி ஊற்றுகிறார்கள். எனக்கு அது பிடித்தது, அத்தை ஒரு ஸ்பூனோடு நிறுத்திவிட்டார்.

கடைக்காரரிடம் ஒன்று சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். வாசனைக்குப் பயந்து சம்பாலை மாற்ற வேண்டாம். பெலாச்சான் சம்பாலைத் தனியாகக் கிண்ணத்தில், கேட்டவர்களுக்கு மட்டும் கொடுங்கள். காலையில் கடை திறப்பதற்கு முன் சுட்டு டப்பாவில் போட்டு வைத்தால் கீழ்க்கடைக்காரருக்கும் தொந்தரவு இருக்காது. மெனுவில் அந்தப் பேரைத் தமிழில் எழுதுங்கள். யோசிக்கிறேன் என்றார். ஒரு குடும்பம் எழுந்து போனதை நானே பார்த்தேன், வாடகை கட்டுகிறவர் அவர். ஆனாலும் போகிறவர்கள் கேட்டால்தான் அவருக்குத் தைரியம் வரும். போகிறவர்கள் கேளுங்கள். சால்னா கேட்காதீர்கள், இதைக் கேளுங்கள். நாசி லெமாக் 140 ரூபாய், ரொட்டி ஒன்று 40. காலையில் பத்து மணிக்கு மேல் போனால் ரொட்டி சூடாகக் கிடைக்கும்.

கிளம்பும்போது அத்தை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பர்சை எடுத்தார். நான் தரேன் என்றால் கேட்கவில்லை. "எத்தன வெள்ளி தம்பி?" என்றார். மலாயாவில் பணத்தை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், வாயில் தானாக வந்துவிட்டது. கடைக்காரர் சம்பாலுக்குக் காசு வாங்கவில்லை. மிச்சமிருந்த பெலாச்சானில் பாதியை வெட்டி, மூணு கவர் போட்டுக் கட்டி அத்தை பைக்குள் வைத்தார்.

பஸ்ஸில் அந்தப் பையை மடிமேலேயே வைத்துக்கொண்டு வந்தார். குடியாத்தம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நேற்று ராத்திரி அத்தை போன் பண்ணினார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறாராம், மருமகளிடம் சொல்லிவிட்டாராம், மொட்டை மாடியில் விறகு அடுப்பு வைத்துச் சுட்டுக்கொள்ளச் சொன்னாளாம் அவள். அப்புறம் கேட்டார்: "வூட்ல சென்னாக்குனி கால் கிலோ கீது. ஞாயித்துக்கெழம தொவையல் அரைச்சி எடுத்துனு வரேன். அந்தத் தம்பி தின்னு பாக்கட்டும். பஸ்ஸு எத்தன மணிக்கு, சொல்லு."